மாதாவுக்கு வெட்டிய பூ

தேநீருக்கு நன்றி. சீனி கொஞ்சம் கூடிப்போயிற்று, அதற்காக இன்னொன்று ஊற்ற வேண்டாம். நான் எழுதுகிற தமிழிலேயே நிதானமாகச் சொல்கிறேன், சீதா. நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர். என் மன்னார்ப் பேச்சு உங்களுக்குப் பிடிபடாவிட்டால், நீங்கள் மொழிபெயர்க்கும்போது இந்தப் போலீஸ் அதிகாரியிடம் பிழையாகப் போய்ச் சேரும். சிறிலுக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் மரத்திலிருந்து தொடங்காவிட்டால் அவருக்கு விளங்காது.

மரப் பியோனி என்று பெயர். மரம் என்றாலும் என் இடுப்பளவுதான் வளரும். கோயில் ஆட்களோடு நியூசிலாந்தின் தென்தீவுக்குச் சுற்றுலா போனபோது ஒரு தோட்டத்தில் முதன்முதலாகப் பார்த்தேன். சோற்றுக் கோப்பை அளவில் வெளிறிய ரோசா நிறம், கசக்கிய பட்டு மாதிரி இதழ்கள். மற்றவர்கள் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள், நான் அதன் முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன். நாற்பது வயது வரைக்கும் எனக்கு எதன் மேலும் அப்படியோர் ஆசை வந்ததில்லை. கல்யாணத்தின்போதுகூட வரவில்லை. இதை என் மனைவி சறோஜாவிடமே சொல்லியிருக்கிறேன், ஒளிவுமறைவு எனக்குப் பிடிக்காது.

ஆக்லாந்தில் இது பூக்காது, உங்கள் ஊர்க் குளிர் போதாது என்று அந்தத் தோட்டக்காரி தடுத்துப் பார்த்தாள். நான் கேட்கவில்லை, ஒரு கன்று வாங்கிவந்தேன். ஹென்டர்சனில் எங்கள் வீட்டுப் படுக்கையறைச் சுவரோரம், வெயில் அதிகம் படாத இடத்தில் நட்டேன். ஏவன்டேலில் மீன் பதனிடும் இடத்தில் எனக்கு வேலை. குளிர்காலம் முழுக்க அங்கே மிஞ்சுகிற ஐஸை வாளியில் கொண்டுவந்து அடிமண்ணில் பரப்பினேன். வேர் குளிரை உணர்ந்தால்தான் மொட்டு வைக்கும்.

சறோஜாவுக்கு நெஞ்சுச்சளி. அறையில் ஹீட்டர் வேண்டும் என்றாள். சுவர் சூடானால் மண்ணும் சூடாகும், ஆகவே முடியாது என்று பொறுமையாக விளக்கினேன். ஒருநாள் எனக்குத் தெரியாமல் போட்டிருந்தாள். நான் கிளை வெட்டும் கத்தரியால் வயரை வெட்டப்போனேன், அவள் கையைக் குறுக்கே வைத்துவிட்டாள். சின்னவிரலின் நுனி போயிற்று. நானே காரில் ஏற்றிக்கொண்டு டொக்டரிடம் போனேன். மீன் வெட்டும்போது பட்டது என்று அவளே அவரிடம் சொன்னாள். அவள் சொன்னதை நான் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு ஹீட்டர் கதையே வீட்டில் இல்லை. எங்களுக்குள் சண்டை என்று யாராவது சொல்லியிருந்தால் அது பொய்.

பக்கத்து வீட்டுப் பூனை ஒருமுறை அந்த மண்ணைக் கிளறியது. ஒரே ஒரு முறைதான்.

ஐந்தாவது வருடம், அதாவது இந்த 96இல், ஒரு மொட்டு வந்தது. ஒன்றே ஒன்று. மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். ஒக்டோபரில் அது விரிந்தது. எங்களுக்கு அது ஜெபமாலை மாதம். மாதா சொரூபத்தை ஒவ்வொரு நாளும் ஒரு தமிழ் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துச் செபிப்போம். வருகிற வீட்டில் இருக்கிற நல்ல பூவை மாதாவுக்கு வைப்பது வழக்கம். நான் கடையில் லில்லிப் பூ வாங்கி வைத்திருந்தேன். ஞாயிறன்று எங்கள் முறை. அன்றைக்கும் எனக்கு வேலை இருந்தது.

பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது சொரூபத்துக்கு முன்னால் உயரமான பூச்சாடியில் என் பூ நின்றது. சறோஜா குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த நேரம், சொரூபத்தைக் கொண்டுவந்த அவளுடைய அண்ணன் சிறில் வெட்டியிருக்கிறார். ரோசாவுக்கு வெட்டுவது போலச் சாடிக்கு அளவாக நீளத் தண்டோடு வெட்டிவிட்டார். மரப் பியோனியை அப்படி வெட்டக் கூடாது, சீதா. வரும் வருடங்களின் மொட்டுகள் அந்தத் தண்டில்தான் இருக்கின்றன.

"மாதாவுக்கெண்டுதானே மச்சான் பூத்தது," என்றார். "அடுத்த வருசம் இன்னும் நிறையப் பூக்கும்."

முழந்தாளிட்டு முழு ஜெபமாலையும் சொன்னேன். அதில் மூன்றாவது பத்து மணிக்கான தேவரகசியத்தை முன்னின்று சொன்னதே நான்தான், வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோபக்காரனால் அது முடியுமா? எல்லோரும் சாப்பிட்டுப் போகும்வரை உபசரித்தேன். பாத்திரம் கழுவ உதவிக்குச் சிறில் நின்றார். எந்த இடத்தில் வெட்டினீர்கள், கொஞ்சம் காட்டுங்கள் என்று கூட்டிக்கொண்டு போனேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவர் குந்தியிருந்து விரலால் காட்டினார். நான் மண்வெட்டியின் விளிம்பால் பிடரியில் போட்டேன். அவர் திரும்பி "மச்சான்" என்றார். மனிதரைத் துடிக்க விடுவது பாவம், அதனால் இரண்டாவதைக் கொஞ்சம் பலமாகப் போட்டேன். மூன்றாவது தேவைப்படவில்லை, என்றாலும் போட்டேன்.

சறோஜா ஓடிவந்து அவர்மேல் விழுந்து மூடிக்கொண்டாள். அவள் முழங்கால் மரத்தின் அடியில் இருந்தது. எழும்பச் சொன்னேன். "அண்ணைக்குத் தெரியாதப்பா," என்றாள், "என்ர அண்ணையை விடுங்கோ." மறுபடியும் எழும்பச் சொன்னேன். இரண்டு தரம் சொல்லிவிட்டேன், சீதா. அவள் எழும்பவில்லை. எழும்பாததால்தான் மண்வெட்டி அவள் தலையிலும் பட்டது. எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை.

பிறகு மண்வெட்டியைக் கழுவி வைத்தேன். அழுக்கு விளிம்பில் செடிகளுக்கு நோய் தங்கும். அம்புலன்ஸைக் கூப்பிட்டது நான் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர். போலீஸ் வந்தபோது நான் தண்டின் வெட்டுவாயில் மருந்துப்பசை பூசிக்கொண்டிருந்தேன். பசை காயும்வரை நிற்கச் சொல்லிக் கேட்டேன், அவர்கள் நிற்கவில்லை. அவர்களுக்கும் வேலை இருக்கும்.

ஆகவே, ஓம், சிறிலைக் கொன்றது நான்தான். சறோஜாவை அடித்ததும் நான்தான். எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் அவள் பிழைக்க வேண்டும் என்றே மாதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்னைப் பற்றி ஒரு குறையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்ததாகச் சொல்கிறீர்கள். கண் விழித்ததும் அவள் பேசிய முதல் வார்த்தை, "அவர் எங்க நிக்கிறார்?" என்பதாம். பிறகு அறைக் கதவை உள்ளே பூட்டச் சொன்னாளாம். பாருங்கள் சீதா, அந்த நிலைமையிலும் முதலில் என்னைத்தான் தேடியிருக்கிறாள்.