அவள் உட்கார்ந்தால் ஓடாத வீடியோ

வீடியோ ஓடவில்லை என்றால் பதறவே வேண்டாம், மச்சான். பெரும்பாலும் பக்கத்தை மூடித் திறந்தாலே சரியாகிவிடும். இல்லையென்றால் பிரவுசரைப் புதுப்பிக்க வேண்டும், உள்ளே சேர்ந்து கிடக்கும் பழைய குப்பையை அழிக்க வேண்டும், விளம்பரத் தடுப்பானை நிறுத்திப் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் நாள் முழுக்க என் வேலையே இதுதான். எவ்வளவு அசட்டுத்தனமாகக் கேட்டாலும் யாரிடமும் முகம் சுளித்ததில்லை.

இன்று உங்கள் அக்காவின் லேப்டாப்பைத் திறந்தீர்கள். அவளுடைய பாடங்கள் வரும் தளத்துக்கு மட்டும் செட்டிங்ஸில் ஜாவாஸ்கிரிப்டைத் தடுத்து வைத்திருப்பதைக் கண்டுபிடித்தீர்கள். அது இல்லாவிட்டால் வீடியோ வரவேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டம்தான் தெரியும். தானாக அப்படி ஆகாதே என்கிறீர்கள். ஆகாதுதான். நான்தான் செய்தேன்.

முதல் தடவை வந்தது நிஜமான கோளாறு. குழந்தைக்காக விட்ட லேப் டெக்னீஷியன் வேலைக்குத் திரும்ப ஒரு தேர்வு எழுத வேண்டும் என்று மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தாள். பிரவுசர் பழசு. புதுப்பித்தேன், ஓடியது. "நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள். கல்யாணமான புதிதில் பார்த்த முகம் அது. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அதன்பிறகு வீடியோக்கள் ஒழுங்காக ஓடின. நான் வீட்டுக்குள் நுழைந்தால் காதில் மாட்டியதைக் கழற்றாமலே, "இருங்க, இது முடியட்டும்" என்று கையைக் காட்டுவாள். சாப்பிடும்போதும் பாடம் நடத்துகிறவரின் பெருமைதான். நான் கோபப்படவில்லை. செட்டிங்ஸில் அந்த ஒரே ஒரு ஸ்விட்சைத்தான் அணைத்தேன்.

அவள் கூப்பிடுவாள், நான் போவேன். அவள் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் பொறுமையாகச் சரிபார்ப்பேன். நடுவில் தண்ணீர் கேட்பேன். அவள் எடுத்துவரப் போகும்போது தடையை நீக்குவேன், வந்து பார்த்தால் ஓடும். எழுந்திருக்கும் முன் ஏதாவது சாக்குச் சொல்லி மறுபடி தடுத்துவிடுவேன். மறுநாள் அவள் உட்கார்ந்தால் கறுப்புக் கட்டம்.

"நான் உக்காந்தா ஓடுது, நீ உக்காந்தா மக்கர் பண்ணுதே. என்ன ராசியோ போ" என்று ஒருநாள் கிண்டலடித்தேன். சும்மா விளையாட்டுக்குத்தான். என் அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். மிக்ஸி நின்றாலும், "அவ கை வெச்சா வெளங்கினாப்லதான்" என்பாள். உங்கள் அக்காவும் எங்களோடு சேர்ந்து சிரிப்பாள். அப்புறம் சிரிப்பதை விட்டுவிட்டாள்.

தேர்வுக்கு அவள் போகவில்லை. "எனக்கும் இதுக்கும் ஒத்து வராதுங்க" என்று லேப்டாப்பை அலமாரியில் வைத்துவிட்டாள். துணி துவைக்கும் மெஷினைப் போடவும் என்னைக் கூப்பிட்டாள். உங்களோடு பேச வேண்டுமென்றால்கூட, "நீங்களே போட்டுக் குடுங்க" என்று போனை நீட்டுவாள். வீட்டில் சண்டை சச்சரவே இல்லை. நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். உங்கள் அக்கா ஆம்புலன்ஸுக்கு அடித்திருக்கிறாள். லைன் கிடைக்கவில்லை. யாருக்கும் நடப்பதுதான், இன்னொரு தடவை அழுத்த வேண்டும். அவளோ தன் கை பட்டு அதுவும் கெட்டுப்போய்விட்டது என்று போனை மேஜையில் வைத்துவிட்டாள். அடுத்த வீடு பூட்டியிருந்தது. வாசலில் நின்று, நான் வருகிறேனா என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் வந்தபோது அம்மாவின் கை சில்லிட்டிருந்தது. அதே போனை எடுத்து அடித்தேன். உடனே லைன் கிடைத்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னாலதானே அத்தை போனாங்க?" என்று சொந்தக்காரர்கள் எல்லார் எதிரிலும் கேட்டாள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவள் தோளில் கைவைத்து, "விடு, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். நல்ல மனுஷன் என்று அன்றைக்கு உங்கள் அப்பாகூடச் சொன்னார்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறீர்கள். தாராளமாகக் கூட்டிப் போங்கள், பையை நானே எடுத்து வைக்கிறேன். ஸ்விட்ச் விஷயத்தை இப்போது சொல்லிக் குழப்ப வேண்டாம், பாவம், தாங்கமாட்டாள். இதை மட்டும் சொல்லுங்கள். அம்மா விஷயத்தில் அவளை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன்.