கொஞ்சம் உராய்வு

உங்கள் மேசை இழுப்பறை திறக்கும்போது முனகுகிறது. ஒரு மெழுகுவத்தித் துண்டை அடியில் தேய்த்துவிடுங்கள், சரியாகிவிடும். எண்ணெய் வேண்டாம். அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான். பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளைப் பொருத்தி நீராவி எஞ்சின்கள் செய்கிறேன். உள்ளே ஒரு சின்ன மோட்டார். அது சுற்றினால் சக்கரம் சுழல வேண்டும், சக்கரத்தோடு தண்டு போய்வர வேண்டும், தண்டோடு பிஸ்டனும் உள்ளே நுழைந்து வெளியே வர வேண்டும். கேட்க எளிது. ஓர் அச்சு பக்கத்துக் கட்டையில் மயிரிழை உரசினால் போதும், மொத்த எஞ்சினும் நின்றுவிடும். எங்கே உரசுகிறது என்று தேடி நாள்கணக்கில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். என் வீட்டில் பேசுவதற்கும் யாரும் இல்லை.

பிறகு தங்கை வந்தாள்.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் கண்ணாடி அறுக்கும் கடை. கடைக்கு மேலேதான் வீடு, ஏணி மாதிரி செங்குத்தான படி. என் வீடு தரைத்தளம். கால் தேறும்வரை இங்கே இருக்கட்டும் என்று அவரே கொண்டுவந்து விட்டார். பிசியோதெரபிஸ்ட் ஓர் உடற்பயிற்சி சைக்கிளை வாடகைக்குக் கொடுத்தார். அது நின்ற இடத்திலேயே நிற்கும், மிதித்தால் உள்ளே ஒரு கனத்த சக்கரம் மட்டும் சுற்றும். எவ்வளவு கடினமாக மிதிக்க வேண்டும் என்பதை வெளியே எண் போட்ட ஒரு திருகில் வைத்துக்கொள்ளலாம்.

"இந்தத் திருகு ரெண்டுலயே இருக்கட்டும்மா. நிக்காம இருபது நிமிஷம் மிதிச்சுட்டா அன்னைக்கே பெட்டியைக் கட்டிடலாம். எந்தப் படியும் ஏறலாம்" என்றார்.

மிதித்து முடித்ததும் என் மேசைக்கு எதிரே வந்து உட்காருவாள். கட்டைகளை நிறம் பிரித்துக் கொடுப்பாள், நான் பொருத்தும்வரை தண்டைப் பிடித்துக்கொள்வாள். வாய் மட்டும் ஓயாது.

"ஏன்ணா, இவ்ளோ பாடுபட்டுச் செய்றியே, இது எந்த ஊருக்குப் போகும்?"

"அலமாரிக்கு."

"அலமாரி எக்ஸ்பிரஸா? அப்ப எனக்கும் ஒரு டிக்கெட் போடு. ஜன்னலோரமா."

சிரித்தேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

ஒரு நாள் பதினாறு நிமிடம் மிதித்துவிட்டாள். உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். "இன்னும் நாலே நிமிஷம்தாங்க. துணியெல்லாம் மடிச்சு வச்சாச்சு."

மறுநாள் அவள் குளிக்கப் போனபோது சைக்கிளின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். அந்தக் கனத்த சக்கரத்தை ஒரு கம்பளிப் பட்டை அழுத்திக்கொண்டிருக்கும். பட்டையின் அழுத்தத்தைக் கூட்டப் பின்னால் ஒரு மரை. அதைக் கால் சுற்று இறுக்கினேன். வெளியே திருகு அதே இரண்டில்தான் இருந்தது. வாழ்நாளெல்லாம் உராய்வை நீக்கிப் பழகியவனுக்கு அதைச் சேர்ப்பது பெரிய காரியமில்லை. நான் அவளை அடிக்கவில்லை, பூட்டி வைக்கவும் இல்லை. வாசல் கதவு எப்போதும் திறந்தேதான் இருந்தது.

அன்று பாதியிலேயே நின்றுவிட்டாள். உடம்பு ஒருநாள் போல ஒருநாள் இருக்காது என்று தேற்றினேன்.

அவள் பிடிவாதக்காரி. மறுபடி தேறினாள், நானும் மறுபடி கால் சுற்று இறுக்கினேன். பிசியோதெரபிஸ்டிடம் இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். "படியில கால் மடங்கிட்டா?" என்று அவளிடம் ஒரே ஒருமுறை கேட்டேன். அதற்குப் பிறகு அவளே அதைக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்குள்ளேயே கைத்தடி இல்லாமல் நடக்க மறுத்தாள்.

மெல்லப் பேச்சும் குறைந்தது. எனக்கு அது குறையாகப் படவில்லை. தனியாக இருக்கும் மௌனம் வேறு, இரண்டு பேர் சேர்ந்து இருக்கும் மௌனம் வேறு. உங்களுக்கு இது புரியுமா தெரியவில்லை.

மாப்பிள்ளை வந்து வந்து கெஞ்சினார். "படி என்ன பெரிய படி? நான் தூக்கிட்டுப் போறேன், வா."

அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "ஒரு நாள் தூக்குவீங்க. ஆயுசுக்கும் தூக்குவீங்களா? மிதிக்க மிதிக்க மோசமாயிட்டேதான் போகுது. இந்தக் காலு இவ்வளவுதாங்க. நீங்க வேற வழி பாத்துக்கங்க."

நான் இருவருக்கும் காபி கொண்டுவந்து வைத்தேன். "அவ மனசு நோகாம நடந்துக்கங்க மாப்பிள்ளை" என்றேன்.

விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்ட அன்றும் அவள் மிதித்தாள், மூன்று நிமிடம். அந்த வாரம்தான் என் எஞ்சின் முதன்முதலாக எங்கும் உரசாமல் ஓடியது. கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லா போகுதுண்ணா" என்றாள். இப்போது மாப்பிள்ளைக்கு வேறு மனைவி, கைக்குழந்தை. அதற்குப் பிறகும் அவள் தினமும் மிதித்தாள், நானும் இறுக்கிக்கொண்டே வந்தேன்.

போன வாரம் பிசியோதெரபிஸ்ட் வேறொரு நோயாளிக்காக சைக்கிளை எடுத்துப்போக வந்தார். வாட்டசாட்டமான ஆள். ஓடுகிறதா என்று பார்க்க ஏறி மிதித்தார். மிதி அசையவில்லை. திருகைக் குனிந்து பார்த்தார். எழுந்து நின்று முழு எடையையும் ஒரு காலில் போட்டார், அரைச் சுற்றோடு நின்றுவிட்டது.

"இதையாம்மா மிதிச்சுட்டிருந்தீங்க? என்னாலயே அரைச் சுத்து தாண்ட முடியலையே. உங்களுக்கென்ன காலா, இரும்பா?"

தங்கை சைக்கிளின் பக்கவாட்டு மூடியைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "அண்ணா, இதைத் திறந்தியா?" என்றாள்.

"உள்ள கொஞ்சம் உரசிட்டிருந்தது" என்றேன்.

கைத்தடியைச் சுவரோரம் சாத்தினாள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். பின்னாலேயே போனேன். தெருமுனை வரைகூட என்னால் அவளுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

ஆமாம், இறுக்கியது நான்தான். ஒவ்வொரு முறையும் தெரிந்தேதான் இறுக்கினேன். அவள் வீட்டையும் புருஷனையும் நான் பறித்துக்கொண்டதாகப் புகாரில் சொல்லியிருக்கிறாள் என்றீர்கள். மறுக்கவில்லை. ஆனால் பஸ்கூட ஏறாமல் நடந்தே இங்கே வந்தாள், மூன்று மாடியும் மூச்சுவாங்காமல் ஏறினாள் என்று சொன்னதும் நீங்கள்தான். அந்தக் கால்களை அவளுக்கு யார் கொடுத்தது? அதையும் என் வாக்குமூலத்தில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். படித்துப் பார்த்தால் அவளுக்குக் கோபம் தணிந்துவிடும். திரும்பி வந்தால் மிதிக்க வேண்டுமே என்று புது சைக்கிள் ஒன்று வாங்கி அவள் அறையில் போட்டு வைத்திருக்கிறேன். இது வாடகை இல்லை, சொந்தம்.