கடைசி அடுக்கு

நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, தம்பி. நான் சாய்ந்து உட்காராதது அதன் குற்றமில்லை. கடப்பாரையை விழுங்கியவன் மாதிரி உட்காருகிறேன் என்று என் மனைவி சொல்வாள். இதுவரை அதைப் பாராட்டியவர்கள் போட்டோ எடுப்பவர்கள் மட்டும்தான்.

உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு வரிதான் தவறு: ‘டிரம்மின் அளவிலேயே குறை.’ அதைத் திருத்தத்தான் வந்தேன்.

நாங்கள் வின்ச் செய்கிறவர்கள். பாரம் இழுக்கிற இயந்திரம். நடுவில் இரும்பு டிரம், அதில் கம்பிக்கயிறு சுற்றும். கயிறு வெளியே சரியாமல் இருக்க இரண்டு ஓரத்திலும் பக்கத்தட்டு. அந்தத் தட்டில் எங்கள் குடும்பப் பெயர் வார்ப்பிலேயே எழும்பி நிற்கும். டிரம்மின் அளவு என் அப்பா போட்டது. அதில் நான் ஒரு நூல் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. சம்பந்தம் பேச வந்தவர்களுக்குக்கூட, காபி வருவதற்கு முன்பே அந்தத் தட்டைக் காட்டிவிடுவேன். அவர்கள் காபிக்காகப் பேசாமல் நின்றதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

மருமகள் கம்ப்யூட்டரில் வரைகிறவள். மற்றவர்கள் டிரம்மை வரைந்துவிட்டு, கயிறு இருக்கும் இடத்தை ஒரு கட்டம் போட்டுக் காட்டிவிடுவார்கள். இவள் கயிற்றையே திரையில் அடுக்கடுக்காகச் சுற்றினாள். கீழடுக்கில் இரண்டு சுற்றுக்கு நடுவே இருக்கிற பள்ளத்தில் மேலடுக்கு உட்காரும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் மேல்கயிறு கீழ்க்கயிற்றின் முதுகில் ஏறித்தான் அடுத்த பள்ளத்துக்குப் போக முடியும். அந்த இடங்களையும் அவள் விடவில்லை. இந்த முறை வாடிக்கையாளர் வழக்கத்தைவிட நீளமான கயிறு கேட்டிருந்தார். கடைசி அடுக்கு, அப்படி ஏறுகிற இடங்களில், பக்கத்தட்டுக்கு மேலே தலையை நீட்டியது. கம்ப்யூட்டர் அதைச் சிவப்பாகக் காட்டியது.

“மாமா, கயிறு தட்டைத் தாண்டுது. தட்டை உயர்த்தணும், இல்ல டிரம்மை நீளமாக்கணும்.”

“அது உட்கார்ந்துடும்மா. எங்கப்பா காலத்துலேர்ந்து உட்காருது.”

“அவர் காலத்துல கயிறு குட்டை மாமா.”

என் மகன் சிரித்துவிட்டான். பெண்டாட்டியின் சாமர்த்தியத்துக்குச் சிரித்தான் என்று இப்போது தெரிகிறது. அன்று அது என் அப்பாவைப் பார்த்துச் சிரித்ததாகப் பட்டது.

அந்த வாரமே அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தார். அவள் அவசரமாகக் கிளம்பினாள். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் நான் அவள் இடத்தில் போய் உட்கார்ந்தேன். மவுஸை அரம் பிடிப்பது போலப் பிடித்தேன். டிரம் திரையைவிட்டே ஓடிப்போயிற்று. அதைத் தேடிக் கொண்டுவருவதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்தது. மறுநாள் கயிற்றின் தடிமனை எழுதியிருந்த இடம் அகப்பட்டது. பதினாறு மில்லிமீட்டரைப் பதினான்கு ஆக்கினேன். டாக்டர் தலைதலையாய் அடித்துக்கொண்டும் நான் செய்யாததைக் கயிறு உடனே செய்தது. இளைத்தது. அடுக்குகள் பணிவாகக் கீழே இறங்கின. சிவப்பு போயிற்று. அப்பா ஜெயித்துவிட்டார் என்று எனக்குக் கண் கலங்கியது. நானே மாற்றி எழுதிய விடைத்தாளுக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

படத்தை அச்செடுத்து மகனிடம் கொடுத்தேன். மூலையில் மருமகளின் பெயர் தானாகவே விழுந்திருந்தது.

“அவ ஒத்துக்கிட்டாளாப்பா?”

“போன்ல சொன்னா. இதை அவகிட்ட கிளறாதே. தோத்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கக் கூடாது.”

நான் பொய் பேசாதவன் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அந்தப் பொய் அத்தனை சுலபமாகச் செல்லுபடியானது.

டிரம் எப்போதோ வார்த்து வைத்திருந்ததுதான். அவள் திரும்பி வருவதற்குள் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுச் சோதனை வைத்தேன். எங்கள் வழக்கப்படி வீட்டுக்குப் பெரியவன்தான் பொத்தானை அழுத்துவான். நிறுத்துகிற பொத்தானும் அதே பெட்டியில்தான். மகன் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று கயிறு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுக்குகள் வரிசையாக ஏறின. பட்டறையில் இருந்த கயிறு மட்டும் இளைக்கவில்லை.

“அப்பா, ஏறுது. நிறுத்துங்க.”

வந்தவர்களுக்குக் கேட்கக் கூடாதென்று மெதுவாகத்தான் சொன்னான். என் மானத்தைக் காப்பாற்றுகிற பிள்ளை. ஒரு கட்டையால் கயிற்றை உள்ளே தள்ளப் பார்த்தான். வாடிக்கையாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார். எங்கள் பெயர் எழும்பி நிற்கிற தட்டுக்கு எதிரே நின்றுகொண்டு நான் என்ன பதில் சொல்வது? விரல் நிறுத்துகிற பொத்தானின் மேல்தான் இருந்தது. அவன் இரண்டாவது தடவையும் சொன்னான். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அதிலும் எனக்குப் பெருமைதான்.

கயிறு தட்டைத் தாண்டியது. மகன் அந்தப் பக்கம்தான் நின்றான். அதற்குப் பிறகு நிறுத்தினேன்.

அவனுடைய காரியங்கள் முடிந்ததும் மருமகள் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். தடிமன் பதினான்கு என்றிருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“ஒல்லிக் கயிறா இருந்தா எப்படின்னு பார்த்துட்டு, திரும்ப மாத்தாமக் கிளம்பிட்டேனா மாமா?”

நான் இல்லை என்று சொல்லவில்லை. தலையைத் தடவிக்கொடுத்தேன். மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். என் பெருந்தன்மையைப் பார்த்து உறவுக்காரர்கள் அழுதார்கள். உங்களிடமும் அவள் தன் தவறு என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

அதோடு விட்டிருந்தால் நான் இந்தப் படியேறியிருக்க மாட்டேன். நீங்கள் மேலும் தோண்டினீர்கள். தடிமன் சரியாக இருந்திருந்தாலும் அந்தத் தட்டு போதாது, டிரம்மே தவறு என்று எழுதிவிட்டீர்கள். நாளைக்கு யார் வேண்டுமானாலும் அதைப் படிப்பார்கள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கயிற்றின் தடிமனை மாற்றியவன் நான். என் பிள்ளை இரண்டு தடவை சொல்லியும் அழுத்தாதவன் நான். மருமகளை விட்டுவிடுங்கள். பெற்ற பிள்ளையைக் கொன்றவன் என்றே போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். டிரம்மில் குறை என்ற அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.

அவன் கட்டையை நீட்டாமல் இன்னும் ஒரு சுற்று பொறுத்திருந்தால், கயிறு உட்கார்ந்திருக்கும்.