சாம்பலில் கிடைத்த இரும்பு

மும்பையில், செம்பூரிலிருந்து டிராம்பே போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் தாராவிக்காரர்கள் இருவர் இருந்தார்கள், அண்ணனும் தங்கையும். அவர் மடியில் அப்பாவின் அஸ்திச் சட்டி. அவள் கையில் சாம்பலோடு கிடைத்த ஸ்டீல் கம்பி. தொடை எலும்பு முறிந்தபோது டாக்டர் வைத்ததாம்.

“இது பூமியில உண்டான சாமானே இல்லண்ணே,” என்றாள்.

“பின்ன?”

“சூரியன் பொறக்கதுக்கு முன்னால செத்த நட்சத்திரத்துக்குள்ள உண்டான இரும்பாம். அது வெடிச்சுச் செதறுன தூசிதான் சேந்து பூமியாச்சாம். எம் மவ சொன்னா.”

“நாளைக்கு நீயும் தூசிதாம்னு சொல்லுவா.”

“அதையும் சொல்லிட்டா.”

அவர் சிரிக்கவில்லை. “அதுக்கு இப்ப என்ன செய்யணும்னு சொல்லுதி?”

“கம்பியக் கடல்ல போட வேண்டாம். பழைய சாமான் வாங்குத ஒங்க பங்கார் கடையில மத்த இரும்போட போடுங்க. உருக்கி எதுவாவது ஆவட்டும்.”

“அப்பாவ உலைக்கு அனுப்பச் சொல்லுதியாட்டி?”

“அப்பா சட்டியில இருக்காவ. இது அவியள நடக்க வச்ச இரும்பு. இன்னும் யாருக்காவது ஒதவட்டும்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இத்தன வருசமா இரும்ப உலைக்கு அனுப்புதேன். யாரு ஒடம்புல கெடந்துதோன்னு ஒருநாளும் நெனச்சதில்ல.”

“போடுவியளா, மாட்டியளா?”

“போடுதேன். இன்னைக்கு வேண்டாம்.”

படகுத்துறை நிறுத்தம் வந்தது. சட்டியை அவளிடம் கொடுத்துவிட்டு, கம்பியை வாங்கிச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு இறங்கினார்.