அந்தோனியாருக்குக் கீழே ஒரு மூட்டு

சூடான காற்று மேல்நோக்கி எழும் இயல்புடையது. ஆகவே அடித்தளத்தில் உள்ள சூடேற்றியிலிருந்து மேலறைகளுக்கு அது தகரக் குழாய்கள் வழியே செலுத்தப்படுகிறது. குழாயின் மூட்டுகள் பசையிட்டு அடைக்கப்பட வேண்டும். சூடாக்கப்படாத பகுதிகளில் குழாய் காப்புப் போர்வையால் சுற்றப்பட வேண்டும் என்பது விதி. செயின்ட்-மிஷேலில் உள்ள எமது வீட்டில் இவை யாவும் என் கைகளாலேயே செய்யப்பட்டன. கட்டடப் பரிசோதகர் அவர்களே, ஒரேயொரு மூட்டு மட்டும் ஏன் திறந்திருந்தது என்று வினவினீர்கள். வினா நியாயமானது.

அம்மூட்டு வரவேற்பறைக் காற்றுவாய்க்கு நேர் கீழே அமைந்துள்ளது. காற்றுவாய்க்கு மேலே, என் மனைவி றோசலின் வணங்கும் புனித அந்தோனியாரின் சுரூபம் உள்ளது. காணாமற்போன பொருள்களைக் கண்டெடுத்துத் தருபவர் அவர். சென்ற பனிக்காலத்தில் நான் கீழே பசை பூசிக்கொண்டிருந்தபோது, "அந்தோனியாரே, என்ர தோட்டைக் காட்டித் தாங்கோ" என்று அவள் அழுவது குழாய் வழியே கேட்டது. தோடு குழாயினுள் என் கண்முன்னே கிடந்தது. அதைக் கையால் மேலே தள்ளிவிட்டு, "காத்து வாற ஓட்டைக்குள்ள பார், பிள்ளை" என்றேன். உண்மை உரைப்பது குற்றமன்று. தகரக் குழாய் குரலுக்குக் கம்பீரம் சேர்க்கும் என்பதையும் அன்று அறிந்தேன்.

அதன்பின் அவள் செவ்வாய்தோறும் ஆலோசனை கேட்கலானாள். கேட்பவருக்கு மறுமொழி கூறாதிருப்பது பண்பாகாது. புனிதர் நண்டுக் கறி சமைக்கப் பணித்தார். எங்களோடு தங்கியிருந்த அவள் தம்பி றூபன் ஒருமுறை அருகே நின்று புனிதரின் மூக்கடைத்த குரலைக் கேட்டுவிட்டு, "அக்கா, உங்கட அந்தோனியாருக்கும் அத்தானுக்கும் ஒரே நாளில தடிமன் பிடிச்சிருக்கு" என்றான். அடுத்த செவ்வாயன்று புனிதர் அவனை ஆற்றுக்கு அப்பாலுள்ள புரோசார்ட்டில் அறை பார்த்துக் குடிபோகச் சொன்னார்.

இவ்வாண்டு அவள் கேட்டாள்: "திருகோணமலையில தங்கச்சியின்ர மகளுக்குத் தையில கலியாணம். தங்கச்சியைக் கண்டு கன வருசம். நான் போகட்டா?"

எனக்குச் சமைக்கத் தெரியாது. "வேண்டாம், பிள்ளை" என்றேன். மறுவாரமும் கேட்டாள், மறுமொழி மாறவில்லை. அவள் சரியாக உண்ணாமல் இளைத்தாள். நண்டும் நின்றுபோயிற்று.

அப்போதுதான் தாங்கள் வந்தீர்கள். தங்கள் ஆணைப்படி மூட்டு அடைக்கப்பட்டது, போர்வையும் சுற்றப்பட்டது. செவ்வாயன்று நான் கீழே நின்று எவ்வளவு உரக்க மறுத்தும் ஒலி மேலே செல்லவில்லை. பசையின் தரம் அத்தகையது. நான் படியேறி வந்தபோது அவள் நெடுநாளுக்குப் பின் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, இந்த முறை அவர் வேண்டாமெண்டு சொல்லேல்ல. நான் ரிக்கற் போட்டிட்டன்."

ஆகவே ஒரேயொரு செவ்வாய்க்கிழமைக்கு அம்மூட்டைத் திறக்க அனுமதி வேண்டுகிறேன். புனிதர் சம்மதித்துவிட்டார் என்ற பொய்யான நம்பிக்கையோடு மனைவியை விமானம் ஏறவிட என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை.