முடிவு பார்க்காத ரசிகர்

ஒரகடத்திலிருந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில், இறங்க இன்னும் இரண்டு நிறுத்தம் இருக்கும்போதே ஒரு ஐம்பது வயதுக்காரர் எழுந்துபோய்க் கதவருகே நின்றுகொண்டார். பூட்டிக் கிடக்கும் பழைய தியேட்டரை பஸ் கடந்தது.

"இந்தக் கொட்டாயில எத்தினியோ படம் பாத்துகீறேன். ஒண்ணுத்துக்கும் முடிவு தெரியாது."

முன் சீட்டிலிருந்த திருநெல்வேலிக்காரர் சிரித்தார். "ஏண்ணே?"

"கூட்டம் வர்றதுக்குள்ள ஸ்டாண்டுலேந்து வண்டிய எடுக்கணுமே. சண்டை ஆரம்பிச்சா நான் கெளம்பிடுவேன். வில்லன் செத்தானா, ஜெயிலுக்குப் போனானான்னு இன்னி வரைக்கும் தெரியாது."

"மூடுன அன்னைக்குக் கடைசி ஷோவாவது முழுசாப் பாத்தியளா?"

"அன்னிக்கும் முன்னாடியே ஓடியாந்துட்டேன். வந்து பாத்தா, ஸ்டாண்டுல என் வண்டி ஒண்ணுதான் நின்னுகினு இருந்துச்சு."