ஜன்னல் இல்லாத கடற்கரை

விசாலாட்சி: ...அதெல்லாம் இருக்கட்டும். பாத்தாம் தீவு ஹோட்டல்ல ரூம் எப்படி? கடல் பக்கமா?

ரத்தினம்மா: கடலுக்கு நேரா இருந்துச்சுக்கா. மலிவான ஹோட்டல்தான், ஆனா சுத்தம். கதவைத் திறந்தா மணல்.

விசாலாட்சி: திறந்தா மணலு... உன் செருப்பு வாசல்ல கிடக்கு, பார்த்துட்டுத்தான் வந்தேன். ஒரு பொட்டு மணல் இல்லை அதுல.

ரத்தினம்மா: கழுவிட்டுத்தான் சிங்கப்பூருக்கு ஃபெர்ரி ஏறினேன். வந்ததும் வராததுமா செருப்பையா பார்த்தீங்க?

விசாலாட்சி: தோ பாயோவுல இந்த மாடியில யார் வீட்டு வாசல்ல எத்தனை செருப்பு கிடக்குன்னு பக்கத்து வீட்டுக்காரி நான் பார்க்காம வேற யாரு பார்ப்பா? சரி, உன் மகன் எங்க? பெட்டியத் தூக்கிட்டு மேல வரலையா?

ரத்தினம்மா: சரத்தா... கீழ இறக்கிவிட்டுட்டு அப்படியே செங்காங்ல அவன் வீட்டுக்குப் போயிட்டான். மருமகளுக்கு நாளைக்கு ஆபீஸ். இந்தாங்க, உங்களுக்குன்னு வாங்கினேன். பாத்தாம் லாப்பிஸ், அடுக்கு கேக்.

விசாலாட்சி: பாத்தாம் போயிட்டு வர்றவங்க எல்லாரும் இதைத்தான் தூக்கிட்டு வர்றாங்க. வாசம் நல்லாத்தான் இருக்கு... தேக்கா மார்க்கெட் பக்கம் ஒரு கடையில விப்பான், அச்சு அசலா அதே மாதிரி.

ரத்தினம்மா: எந்த ஊர்ல செஞ்சாலும் மாவு மாவுதான்கா. டீ போடவா?

விசாலாட்சி: போடு. தீபாவளி காலையில நான் போன் பண்ணினேன்ல, உன் பேச்சே கேக்கல, ஒரே அலைச்சத்தம்.

ரத்தினம்மா: பால்கனியில நின்னுக்கிட்டு இருந்தேன்.

விசாலாட்சி: நடுவுல ஒருத்தன் வந்து இன்சூரன்ஸ் எடுங்கன்னு பேசிட்டுப் போனானே. கடற்கரையிலயும் ஏஜெண்டு சுத்துறானா?

ரத்தினம்மா: அது... பக்கத்து ரூம் டிவி.

விசாலாட்சி: பக்கத்து ரூம் டிவியா. ம்ம். போன்ல இப்பதான் எட்டு மணி, இனிமேதான் பசியாறணும்னு சொன்னியே. இங்கயும் அப்ப எட்டுதான். பாத்தாம்ல நம்மளவிட ஒரு மணி நேரம் கம்மியில்ல?

ரத்தினம்மா: நான் கடிகாரத்தை மாத்தி வைக்கலக்கா. அதை விடுங்க... உங்க மக வித்யா வந்தாளா? தீபாவளிக்கு பெர்த்லேர்ந்து வர்றான்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களே.

விசாலாட்சி: வந்தா, வந்தா. வந்துட்டுப் போயிட்டா. ஆஸ்திரேலியாவுல வேலை ஜாஸ்தி அவளுக்கு. ரத்தினம்... உனக்கு ஒரு கதை சொல்லவா? வேற பிளாக்கு. உனக்குத் தெரியாதவ.

ரத்தினம்மா: சொல்லாம விடவா போறீங்க.

விசாலாட்சி: அவளுக்கு ஒரே மகன். தீபாவளி லீவுல அம்மாவைக் கடலோரமாக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டான். சும்மா இருப்பாளா? லிஃப்டுல ஏறினவங்க இறங்கினவங்க ஒருத்தரையும் விடலை. புதுப்பெட்டி வாங்கி, தொலைஞ்சு போகாம இருக்கச் சிவப்பு ரிப்பன் வேற கட்டி வச்சா. கிளம்புறதுக்கு முந்தின நாள் மகன் கூப்பிடுறான். மாமனார் மாமியாரும் வர்றாங்க, ரூம்ல இடம் பத்தாது, அடுத்த தடவை பார்த்துக்கலாம்மான்னு தூக்கிப் போட்டுட்டான்.

ரத்தினம்மா: அப்படி ஒண்ணும் தூக்கிப் போட்ட மாதிரி சொல்லலை. சொல்ல முடியாம சொன்னான்.

விசாலாட்சி: உனக்கு எப்படித் தெரியும்? வேற பிளாக்குன்னேன்ல.

ரத்தினம்மா: ...சும்மா சொன்னேன். எந்தப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும். சீனி போதுமா பாருங்க.

விசாலாட்சி: போதும். நீ உக்காரு. அவ பேசாம வீட்டுலயே இருந்திருக்கலாம். ஆனா தீபாவளியன்னிக்கு வாசல்ல அவ செருப்பு மட்டும் ஒத்தை ஜோடியாக் கிடந்தா...

ரத்தினம்மா: பக்கத்து வீட்டுக்காரி எண்ணுவா. எண்ணிட்டுப் பொழுது சாயறதுக்குள்ள பிளாக் பூரா சொல்லிருவா. அவ வாய்க்குப் பயந்துதான் அந்தப் பொம்பளை வீட்டைப் பூட்டினா.

விசாலாட்சி: ...அவ வாய்க்குப் பயந்தா?

ரத்தினம்மா: வேற யாருக்கு? தன்னைப் பத்திப் பேசினாக்கூடப் பொறுத்துக்குவா. மகனை ஒரு வார்த்தை யாரும் சொல்லக்கூடாது அவளுக்கு.

விசாலாட்சி: ம்ம்... வெறும் வீட்டுக்குப் பயந்துன்னுதான் நான் நினைச்சேன். சரி, மீதியையும் கேளு. பெட்டியை இழுத்துக்கிட்டு ஃபெர்ரிக்குப் போற மாதிரியே ரயில் ஏறினா. இறங்கினது லிட்டில் இந்தியாவுல. அங்க தேக்கா மார்க்கெட்டுக்குப் பூ வாங்க வந்த ஒருத்தி கண்ணுல அந்தச் சிவப்பு ரிப்பன் பட்டுருச்சு. பின்னாலயே போய்ப் பார்த்தா, கடைங்களுக்கு மேல ஒரு ஹோட்டல். அங்க ஜன்னல் இல்லாத ரூம்தான் விலை கம்மி. பெட்டிக்காரியும் அதைத்தான் கேட்டு வாங்கினா. சிராங்கூன் ரோடு முழுக்க விளக்கு, கூட்டம், பாட்டு... இவ தெரிஞ்சவங்க பார்த்துருவாங்கன்னு கீழ இறங்கவே இல்லை.

ரத்தினம்மா: சாப்பாட்டுக்கு இறங்கினா. தலையில முக்காடு போட்டுக்கிட்டு.

விசாலாட்சி: சரி, இறங்கினா. தீபாவளி காலையில யாராவது பெரியவங்க தலையில எண்ணெய் வைக்கணும்ல? இவளே இவ தலையில வச்சுக்கிட்டா. நல்லெண்ணெய் தலகாணியில ஊறி, ரூம் கூட்ட வந்தவ சத்தம் போட, இவ ஸாரி ஸாரின்னு நின்னா. அப்புறம் போன் வந்தா மகன் வாங்கிக் குடுத்த ஐபேட்ல அலைச்சத்தத்தைப் போட்டுட்டுத்தான் பேசுவா. நடுவுல விளம்பரம் வரும்னு பாவம் அவளுக்குத் தெரியலை.

ரத்தினம்மா: அக்கா.

விசாலாட்சி: சொல்லு.

ரத்தினம்மா: யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா?

விசாலாட்சி: இல்லை.

ரத்தினம்மா: ஞாயித்துக்கிழமை சரத் வருவான். அம்மாவைக் கடைசி நேரத்துல விட்டுட்டுப் போனியாமேன்னு ஒருத்தர் கேட்டாப் போதும், அவன் இந்த வீட்டுப் பக்கமே வர மாட்டான். இருக்கிறது அவன் ஒருத்தன்தான்கா எனக்கு.

விசாலாட்சி: கேக்க மாட்டாங்க. நான் வாயைத் திறந்தாத்தானே?

ரத்தினம்மா: நீங்க சொல்லாம இருப்பீங்கன்னு நான் எப்படி நம்புறது?

விசாலாட்சி: சொன்னா, நீ அங்க என்ன பண்ணினேன்னு அவளையும் கேப்பாங்களே.

ரத்தினம்மா: யாரை? பூ வாங்க வந்தவளையா? அவ பூவை வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பா... இருங்க. தலகாணி எண்ணெய், ரூம் கூட்ட வந்தவ போட்ட சத்தம், விளம்பரம்... இதெல்லாம் பூ வாங்க வந்தவளுக்கு எப்படித் தெரியும்?

விசாலாட்சி: பக்கத்து ரூம் டிவின்னு சொன்னியே ரத்தினம்... பக்கத்து ரூம்ல டிவியே போடலை.

ரத்தினம்மா: அங்க யாரு இருந்தா?

விசாலாட்சி: மக பெர்த்லேர்ந்து வர்றான்னு பிளாக் பூரா தம்பட்டம் அடிச்சவ. மக வரலை. ராத்திரியில சுவத்துக்கு அந்தப் பக்கம் உன் இருமலும் இல்லை, வீடே விழுங்குற மாதிரி இருந்துச்சு அவளுக்கு. விடிஞ்சதும் ஒரு பையில ரெண்டு சேலையை வச்சுக்கிட்டுப் போய், உன் பக்கத்து ரூமைக் கேட்டு வாங்கினா. அதுக்கும் ஜன்னல் இல்லை... போனை வச்ச பிறகும் நீ அந்த அலையை நிறுத்தலை பாரு, அதைக் கேட்டுக்கிட்டேதான் தூங்கினேன்.